குச்சிக்கிழங்கும் கார்பனைலும்: கரிம வேதியியலுக்குள் எந்த வழியாக நுழைவது?

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் நுண்ணுயிரியலோ உயிர்வேதியியலோ படிக்கச் சேரும் பிள்ளைகள் பலரை முதலாண்டிலேயே மிரட்டுவது கரிம வேதியியல்தான். சிலருக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்ததில், படிக்கும் வழியைத் தப்பாகப் பிடித்ததுதான் பாதிச் சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழக்கமான வழி, வினைச்செயல் தொகுதி (மூலக்கூறில் வினைபுரியும் அணுக்கூட்டம்) வாரியாகப் போவது. ஆல்கஹால், ஆல்டிஹைடு, கீட்டோன், அமிலம் என்று ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பு, பண்பு, வினைகள். இன்னொன்று வினை வழிமுறை: எலக்ட்ரான் எங்கே மிகுதி, எங்கே குறைவு, எங்கிருந்து எங்கே போகிறது என்று அம்புக்குறி போட்டுப் படிப்பது.

தொகுதி வழியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆய்வகத்தில் கையில் கொடுத்த பொருள் எதுவென்று கண்டுபிடிக்க அதுதான் உதவும். டாலன்ஸ் கரைசலில் வெள்ளி ஆடி படிந்தால் ஆல்டிஹைடு என்று சட்டென்று நினைவுக்கு வர வேண்டும். ஈரோட்டு மஞ்சளையே எடுத்துக்கொள்ளுங்கள். வேட்டியில் பட்ட மஞ்சள் கறை, சோப்பு போட்டதும் ஏன் சிவக்கிறது? குர்க்குமினில் இரண்டு பீனால் தொகுதிகள் உண்டு. பீனால் வலிமை குறைந்த அமிலம் என்று தெரிந்தாலே போதும், காரம் பட்டதும் புரோட்டானை இழந்து நிறம் மாறுகிறது என்று சொல்லிவிடலாம்.

ஆனால் உயிருள்ள உடம்புக்குள் நுழைந்ததும் இந்த வழி தடுமாறுகிறது.

எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) காட்டில் சோளம் அறுத்தபின் தழைத்துவரும் மறுதாம்பில் மாட்டை விட மாட்டார். வெயிலில் வாடி நிற்கும் இளம் பயிர் என்றால் பக்கத்திலேயே ஓட்டிப் போக மாட்டார். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக்கிழங்கின் தழை, தோல் விஷயத்திலும் அதே எச்சரிக்கை. இரண்டிலும் சயனைடு இருப்பது எல்லோருக்கும் தெரியும். எப்படி இருக்கிறது என்பதுதான் வேதியியல். கிழங்கில் லினமாரின், சோளத்தில் துர்ரின். இரண்டுமே ஒரு சயனோஹைட்ரினில் (ஆல்டிஹைடு அல்லது கீட்டோனோடு ஹைட்ரஜன் சயனைடு சேர்ந்த பொருள்) குளுக்கோஸ் ஒட்டிக்கொண்ட பொருள்கள். செடிக்குள் இவையும் இவற்றை வெட்டும் நொதியும் தனித்தனி இடங்களில் இருக்கின்றன. மாடு மென்றதும் இரண்டும் சந்திக்கின்றன. குளுக்கோஸ் கழன்றதும் மிச்சமிருக்கும் சயனோஹைட்ரின் உடைகிறது. கிழங்கில் அசிட்டோன், சோளத்தில் ஹைட்ராக்சி பென்சால்டிஹைடு, இரண்டிலும் ஹைட்ரஜன் சயனைடு.

இதைத் தொகுதி வாரியாகப் படித்தவர் எங்கே தேடுவார்? ஆல்டிஹைடு பாடத்தில் ஹைட்ரஜன் சயனைடு சேர்க்கை ஒரு வரி, கீட்டோன் பாடத்தில் அதே வரி மறுபடியும், குளுக்கோஸ் பிணைப்பு வேறொரு செமஸ்டரில். மூன்றும் ஒன்றோடொன்று பேசுவதே இல்லை. அம்புக்குறி வழியில் வந்தவருக்கோ எல்லாம் ஒரே கதை. கார்பனைல் என்பது ஆல்டிஹைடிலும் கீட்டோனிலும் கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இருக்கும் பகுதி. அந்தக் கார்பனில் எலக்ட்ரான் குறைவு, சயனைடு கருக்கவர் பொருள் (எலக்ட்ரான் குறைந்த இடத்தைத் தேடிப் போவது), வந்து ஒட்டுகிறது. அம்புகளைத் திருப்பிப் போட்டால் கழன்றுபோகிறது. பாடத்தில் முன்னோக்கி எழுதிய வினை, மாட்டின் வயிற்றில் பின்னோக்கி நடக்கிறது. ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை சுமார் 26 டிகிரி செல்சியஸ் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கிழங்கை நறுக்கி வெயிலில் காயவைப்பதன் பயன் விளங்கும்.

செல் குளுக்கோஸை உடைக்கும் கிளைக்காலிசிஸிலும் இதே திருப்பம் உண்டு. ஆல்டோலேஸ் நொதி ஆறு கார்பன் சர்க்கரையை மூன்று மூன்றாகப் பிளப்பது, ஆல்டால் வினையைப் பின்னோக்கி ஓட்டித்தான். செரிமான நொதியான கைமோடிரிப்சினில் உள்ள செரைன் என்ற அமினோ அமிலம் புரதத்தை வெட்டத் தொடங்குவதும் கார்பனைல் கார்பனைத் தாக்கித்தான். கார்பனைலை நன்றாகப் பிடித்துக்கொண்டவருக்கு உயிர்வேதியியலில் பெரும்பகுதி வசப்பட்டுவிடும். தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து வருபவர்களுக்கு இன்னொரு நிம்மதி: அம்புக்குறிக்கு மொழி கிடையாது.

இந்த வழிக்கும் விலை உண்டு. முதல் சில வாரங்கள் அமிலம், காரம், எலக்ட்ரான் என்றே போகும். கேள்வித்தாளோ கேனிசாரோ வினை எழுது, பெர்கின் வினை எழுது என்று பெயர் சொல்லிக் கேட்கும். முதல் இன்டர்னலில் மதிப்பெண் குறையலாம். அதில் மனம் உடைந்து மனப்பாடத்துக்குத் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும்.

உயிர் மூலக்கூறிலேயே தொடங்கலாம் என்று மூன்றாவதாக ஒரு வழியும் சொல்வார்கள். ஆர்வம் வரும், சரி. ஆனால் ஹெமிஅசிட்டால் (கார்பனைலோடு ஆல்கஹால் சேர்ந்து உண்டாவது) தெரியாமல் குளுக்கோஸ் வளையம் எப்படி மூடுகிறது என்று புரியாது.

என் தேர்வு இதுதான். முதல் இரண்டு வாரம் தொகுதிகளை அடையாளம் காண மட்டும் பழகுங்கள், வினைகள் வேண்டாம். அப்புறம் முழுக்க அம்புக்குறி, அதிலும் பாதி நேரம் கார்பனைலுக்கே. பென்சீன் வளையப் பதிலீட்டு வினைகளைத் தேர்வுக்குத் தேவையான அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். பெயர் வினைகளுக்குத் தனி நோட்டு போட்டு, ஒவ்வொன்றின் கீழும் அம்புகளை வரைந்து வையுங்கள். அரியர் எழுத மூன்று வாரமே மிச்சம் இருப்பவர்கள் மட்டும் தொகுதி வழியிலேயே போய்த் தேறிவிட்டு, விடுமுறையில் கார்பனைலுக்குத் திரும்பி வாருங்கள்.