எழுதிக்கொள்ளாத சர்வர்: திருப்பாப்புலியூர்ச் சிற்றுண்டிக் கடை ஒன்றின் மதிப்புரை

கடலூர் திருப்பாப்புலியூரில், பாடலீசுவரர் கோயிலிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், பன்னிரண்டு மேசைகள் மட்டும் கொண்ட சைவச் சிற்றுண்டிக் கடை ஒன்று இருக்கிறது. குறை ஒன்றையும் சொல்லவிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். பொங்கலில் மிளகு முழுதாகப் பல்லில் அகப்படுகிறது. ரவா தோசை ஓரத்தில் மொறுமொறுவென்றும் நடுவில் சற்றே மெத்தென்றும் வருகிறது. சாம்பார் மட்டும் இனிப்பின் பக்கம் சாய்கிறது. உணவைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கல்லூரியில் உளவியல் நடத்தி ஓய்வு பெற்றவனாகிய நான் வாரம் இருமுறை அங்கே போவதற்குக் காரணம், சுவரோர வரிசையைக் கவனித்துக்கொள்ளும் சர்வர். ஐம்பது வயதைக் கடந்த அவர், மேசையில் சொல்வதைக் குறித்துக்கொள்ளத் தாளையோ பேனாவையோ தொட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு ஏழு பேராகப் போயிருந்தோம். அவர் மேசையின் முனையில் நின்று, இடது கைக் கட்டை விரலால் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டபடி, சுவரோரம் இருந்தவரில் தொடங்கி வரிசை மாறாமல் கேட்டுக்கொண்டு வந்தார். பிறகு சமையலறைச் சன்னலுக்குப் போய், "ஒரு ரவா, ஒரு ரோஸ்ட் முறுகலா, ரெண்டு செட் பூரி" என்று மட்டும் குரல் கொடுத்தார். நாங்கள் சொன்ன இரண்டு பொங்கலும் இட்லி வடையும் அந்தக் குரலில் இல்லை. மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். ஆனால் ஏழு தட்டுகளும் உரியவர் முன்னால் வந்து உட்கார்ந்தன. கேட்டபோது, "கல்லுக்கு ரெண்டு, எண்ணெய்க்கு ரெண்டு. மத்ததெல்லாம் பாத்திரத்துல தயாரா இருக்கு சார், அத எதுக்கு அவங்ககிட்ட சொல்லணும்?" என்றார்.

மனிதர் ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்தி நிற்கக்கூடிய பொருள்கள் ஏழு, அதில் இரண்டு கூடலாம் அல்லது குறையலாம் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். பொருள்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டவும் வாய்க்குள் சொல்லிப் பார்க்கவும் வழியில்லாதபோது அந்த எண்ணிக்கை ஏறத்தாழ நான்காகச் சுருங்கிவிடுகிறது என்று இன்னொரு உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் காட்டினார். ஏழு பேர், ஏழு தட்டு, முறுகல் என்ற அடைமொழி, பிறகு சர்க்கரை இல்லாத காப்பி இரண்டு: இந்தக் கணக்கு நான்குக்குள் அடங்காது. அவர் செய்தது கட்டுவதுதான். எங்கள் ஏழு விருப்பங்களும் அவருக்குக் கல், எண்ணெய், பாத்திரம் என்ற மூன்று கட்டுகள்.

இதைப் பெரிய ஞாபகசக்தி என்று பாராட்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் சேஸ், எரிக்சன் என்ற இருவர் ஒரு மாணவருக்கு ஏறத்தாழ 230 மணி நேரம் எண்களை வாசித்துக் காட்டிப் பயிற்சி கொடுத்து, 1980இல் முடிவை வெளியிட்டார்கள். தொடக்கத்தில் ஏழு இலக்கங்களோடு நின்ற அந்த மாணவர் முடிவில் 79 இலக்கங்களைத் திருப்பிச் சொன்னார். ஓட்டப்பந்தய வீரராகையால் பல இலக்கங்களை ஓட்ட நேரங்களாக மாற்றி அடுக்கிக்கொண்டார். எண்களுக்குப் பதிலாக எழுத்துகளைக் கொடுத்தவுடன் ஆறோடு நின்றுவிட்டார். நம் சர்வரும் அப்படித்தான். பார்சல் கேட்டவர் சொன்ன கைபேசி எண்ணைப் பாதியில் விட்டுவிட்டு, மறுபடி கேட்டுச் சுவர்க் காலண்டரின் ஓரத்தில் எழுதிக்கொண்டதை என் கண்ணாலேயே பார்த்தேன். (நம் மரபில் இத்தகைய திறனுக்கு அவதானம் என்றுதான் பெயர், சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரை நாஞ்சில் நாடு இன்றும் நினைக்கிறது. அந்தச் சொல்லுக்கு நினைவு என்று பொருளில்லை, கவனம் என்றே பொருள் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.)

இன்னொரு நாள் என் தங்கை மகன் விளையாட்டாக ஒரு சோதனை செய்தான். பண்டங்களைச் சொல்லி முடித்து அவர் நகர்ந்ததும் நானும் அவனும் இடம் மாறி உட்கார்ந்தோம். என் ரவா தோசை அவன் முன்னாலும் அவன் பூரி என் முன்னாலும் கொஞ்சமும் தயக்கமின்றி வைக்கப்பட்டன. அவர் முகங்களைவிட நாற்காலிகளில்தான் எங்கள் விருப்பங்களை மாட்டி வைத்திருந்தார். அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் நகரச் சர்வர்களிடம் இதே சோதனையைச் செய்து 2008இல் கட்டுரையாக வெளியிட்டிருக்கிறார்கள். எட்டு வாடிக்கையாளர்கள் இடம் மாறி உட்கார்ந்தவுடன் அங்கேயும் பெரும்பாலோர் தடுமாறிப் போனார்கள்.

மேசையிலிருந்து சன்னல் வரை பத்து அடிதான் இருக்கும். அந்தப் பத்து அடியிலும் அவருடைய உதடுகள் அசைந்துகொண்டே இருக்கின்றன. நடுவில் யாராவது தண்ணீர் கேட்டால் உள்ளங்கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு நடக்கிறார். அது அலட்சியமென்று சில புதிய வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பதையும் பார்த்திருக்கிறேன். பேட்லி, ஹிட்ச் என்ற உளவியலாளர்கள் 1974இல் முன்வைத்த செயல் நினைவு (செய்துகொண்டிருக்கும் வேலைக்காகச் சிறிது நேரம் மனத்தில் ஏந்தும் நினைவு) பற்றிய கோட்பாட்டில், கேட்டதை ஒலியாகச் சிறிது நேரம் சுழல விடும் பகுதி ஒன்று உண்டு. ஏறத்தாழ இரண்டு நொடிக்குள் சொல்லி முடிக்கக்கூடிய அளவே அதில் தங்கும் என்று அடுத்த ஆண்டே பேட்லியும் அவருடைய குழுவினரும் அளந்து காட்டினார்கள். ரோஸ்ட், ரவா, செட் என்று சர்வர்கள் பெயர்களை நறுக்கி வைத்திருப்பது பேச்சுச் சோம்பலால் அல்ல. அந்த இரண்டு நொடிக்குள் கூடுதலாக ஒரு தட்டை ஏற்றிக்கொள்ளத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியில், பொருள் கண்ணிலிருந்து மறைந்த பிறகும் காத்திருக்கும் நேரம் முழுவதும் ஓயாமல் துடிக்கும் நரம்பணுக்கள் இருப்பதைக் குரங்குகளிடம் 1971இலேயே பதிவு செய்திருக்கிறார்கள். குறுக்கே வரும் பேச்சை உள்ளே விடாமல் தடுப்பதும் பெரும்பாலும் அதே பகுதியின் பொறுப்புத்தான். உயர்த்திய உள்ளங்கை அந்த வேலையில் பாதியை வெளியிலேயே முடித்துவிடுகிறது.

இனிக் குறைக்கு வருகிறேன். போன மாதம் கல்லாவுக்கு மேலே பெரிய தொலைக்காட்சி ஒன்றை மாட்டி, காலை ஆறு மணி முதல் செய்தி அலைவரிசையை உரக்க ஓட விடத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு நான் போன மூன்று நாளில் இரண்டு நாள் தட்டு மாறி வந்தது. சர்க்கரை நோயுள்ள என் தங்கைக்குச் சர்க்கரை போட்ட காப்பி வந்ததை மட்டும் என்னால் சிறிய பிழையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. சமையலறையில் பாத்திரம் உருளும் ஓசை இத்தனை ஆண்டுகளாக அவரைக் கெடுக்கவில்லையே என்று கடைக்காரர் கேட்டார். ஓசை வேறு, பேச்சு வேறு. பின்னணியில் ஒலிக்கும் பேச்சு, கேட்பவருக்குத் தெரியாத மொழியிலேயே இருந்தாலும், நினைவில் சுழலும் சொற்களைக் கலைக்கிறது என்று 1976இல் வெளிவந்த கோல், வெல்ஷ் ஆகியோரின் ஆய்வு காட்டியது. வெறும் இரைச்சல் அந்த அளவுக்குக் கலைப்பதில்லை என்பது அதன் பிறகு வந்த சோதனைகளில் தெரிந்தது. தங்க விலையை எண் எண்ணாக வாசிக்கும் குரலுக்கு நடுவே ஒருவர் தட்டுகளை எண்ணிக்கொண்டு நடக்க வேண்டும் என்றால், பழியை அவர் தலையில் போடுவது நியாயமில்லை.

ஒலியைக் குறைக்கச் சொன்னேன், முணுமுணுத்துக்கொண்டே குறைத்தார்கள். அன்று மீதியிருந்த நேரத்தில் எங்கள் மேசைக்குப் பிழை வரவில்லை. ஒரு நாள் அனுபவத்தை ஆய்வென்று சொல்லத் துணிய மாட்டேன்.

சுவரோர வரிசையில், கல்லாவிலிருந்து தள்ளியுள்ள மூன்று மேசைகளில் இடம் பிடிப்பது நல்லது. எட்டு மணிக்கு மேல் அவை கிடைப்பதில்லை. பிரதோஷ நாளில் மாலை நேரத்தைத் தவிர்க்கலாம். சொன்ன பிறகு இடம் மாறாதீர்கள். சர்க்கரை வேண்டாதவர்கள் காப்பியைப் பலகாரத்தோடு சேர்த்துச் சொல்லாமல், சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்த பிறகு தனியாகச் சொல்லுங்கள். அப்போது அவர் மனத்தில் உங்கள் மேசைக்கென்று அந்த ஒன்றுதான் இருக்கும்.