நாய்க்குட்டிக்கு லிட்டர் பாக்ஸ்: ஒன்றரை வருஷம் யூஸ் பண்ணின அனுபவம்

ஃப்ளாட்ல சின்ன சைஸ் நாய் வளர்க்குறவங்க லிட்டர் பாக்ஸ் (ஈரத்த உறிஞ்சுற லிட்டரக் கொட்டி, நாய் வீட்டுக்குள்ளயே உச்சா, கக்கா போக வைக்குற ட்ரே) தாராளமா வாங்கலாம். ட்ரே எந்த கம்பெனிங்குறது முக்கியமே இல்ல, உள்ள என்ன கொட்டுறீங்க, எந்த நேரத்துல குட்டிய தூக்கிட்டுப் போய் விடுறீங்க, இந்த ரெண்டுலதான் எல்லாமே இருக்கு.

எங்க நாய் ஜிம்மி, ஷிட்ஸுங்குற சின்ன சைஸ் ஜாதி, ஆண். மடிப்பாக்கத்துல மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ரெண்டு மாசக் குட்டியா வந்தான், 16 வாரம் ஆகி தடுப்பூசி எல்லாம் முடியுற வரைக்கும் தெருவுல இறக்கிவிடாதீங்கன்னு டாக்டர் ஸ்ட்ரிக்டா சொல்லிட்டார், ஏன்னா குட்டிங்க உயிருக்கே ஆபத்தான பார்வோ வைரஸ் மண்ணுல மாசக்கணக்குல உயிரோட இருக்கும். அதனால வீட்டுக்குள்ளயே பழக்கித்தான் ஆகணும்.

ஈரம் பட்டா கட்டியாகுற பூனை லிட்டர் இருக்குல்ல, பெண்டோனைட்ங்குற களிமண், அத மட்டும் நாய்க்குட்டிக்கு வாங்காதீங்க ப்ளீஸ். எதக் கண்டாலும் வாயில போட்டுக்குற வயசு, நிறைய முழுங்கி உள்ள போய் கட்டியாச்சுன்னா குடலே அடைச்சுக்கும். நாங்க போட்டது பைன் மரத்தூள் பெல்லட். காய்ஞ்சிருக்கும்போது குட்டிக் குட்டி உருளைத் துண்டா இருக்கும், உச்சா பட்டதும் அந்த இடம் மட்டும் பொதபொதன்னு உப்பி தூளா உதிர்ந்துடும், அத அள்ளிப் போட்டுட்டு மேல புதுசு கொட்டினா போதும். நாத்தத்தையும் நல்லா அடக்குது. பீ பேட்ல (உச்சா உறிஞ்சுறதுக்குத் தரையில விரிக்குற ஷீட்) எனக்கு ஒரு பிரச்சனை, பேடும் மிதியடியும் குட்டியோட காலுக்கு ஒண்ணுதான், ரெண்டுலயும் போகும். பெல்லட் கால்ல பட்டா வேற மாதிரி தெரியும், அதனால குழப்பம் இல்ல.

தூங்கி எந்திரிச்ச உடனே, சாப்பிட்ட கால் மணி அரை மணிக்குள்ள, அப்புறம் விளையாடிட்டு இருக்கும்போதே திடீர்னு நிறுத்திட்டு மூக்கத் தரையில வச்சு ஒரே இடத்த சுத்த ஆரம்பிச்சா உடனே தூக்கி ட்ரேல விடணும். முடிச்ச அந்த செகண்டே ஒரு துண்டு வேகவச்ச சிக்கன், கொஞ்சம் லேட்டா குடுத்தாக்கூட எதுக்குக் குடுத்தாங்கன்னு அதுக்குப் புரியாது. ஒரு மாச வயசுக்கு ஒரு மணி நேரம் அடக்கும்னு தோராயமா ஒரு கணக்கு சொல்வாங்க, அப்போ ரெண்டு மாசக் குட்டிக்கு ராத்திரியும் நாம எந்திரிச்சுத்தான் ஆகணும்.

மூக்கத் தேய்ச்சு ரெண்டு அடி போட்டாத்தான் பழகும்னு பெரியவங்க சொல்வாங்க, தயவுசெஞ்சு வேணாம். அடி வாங்கின குட்டி நம்ம கண்ணு முன்னாடி போகக்கூடாதுன்னு மட்டும்தான் கத்துக்கும், அப்புறம் சோபாவுக்குப் பின்னாடி போய் வைக்கும். தரையில போயிட்டா ஃபீனைல் ஊத்தாதீங்க, நமக்கு நாத்தம் போயிடும், அதோட மூக்குக்குப் போகாது, மறுபடி அதே இடத்துக்கு வரும், கால நக்கினா வயித்துக்கும் ஆகாது. நாத்தம் வர்றதுக்குக் காரணமானதையே சிதைச்சுடுற என்ஸைம் கிளீனர் வாங்கிக்கோங்க.

எட்டு மாசம் போல கால் தூக்க ஆரம்பிச்சான், தாழ்வான ட்ரே அதோட வேஸ்ட், சுவரெல்லாம் உச்சா. பாத்திரக்கடையில உயரமான ப்ளாஸ்டிக் டப் ஒண்ணு வாங்கி ஒரு பக்கம் மட்டும் வாசல் மாதிரி வெட்டிவிட்டோம், இன்னிக்கும் அதுதான் ஓடுது. ஐப்பசி மழையில பால்கனியில வச்ச பெல்லட் சாரல் பட்டே உப்பிடும், மூட்டைய மூடி போட்ட ட்ரம்ல வைக்கணும். பாத முடியில தூள் ஒட்டிக்கிட்டு ஹால் வரைக்கும் வரும், விரலுக்கு நடுவுல முடிய ட்ரிம் பண்ணிட்டே இருந்தா குறையும்.

வாக்கிங் ஆரம்பிச்சப்போ இன்னொண்ணு. தெருவுல உச்சா, கக்கா போகவே மாட்டான், அடக்கிக்கிட்டு வந்து வீட்டு ட்ரேலதான் போவான். நனைஞ்ச தூள் ஒரு பிடி கவர்ல எடுத்துட்டுப் போய் தெருமுனை மரத்தடியில போட்டோம், மோந்து பார்த்துட்டு அங்கயே போயிட்டான். இப்போ ரெண்டு இடமும் ஓகே, ஊருக்குப் போனா டப்பயும் கார்ல ஏத்திடுவோம், புது வீடுன்னாலும் அதுலதான் போறான்.

லாப்ரடார் மாதிரி பெரிய நாய்னா நான் சொல்ல மாட்டேன். திரும்பி நிக்கவே நாயோட நீளத்துல ஒன்றரை மடங்கு ட்ரே வேணும், அத நம்ம பால்கனியில எங்க வைக்குறது, பெல்லட்டும் மூட்டை மூட்டையா போகும்.