நாணயம் தேட பழைய மெட்டல் டிடெக்டர்: எதை வாங்கலாம்?

கேரட் (Garrett) நிறுவனத்தின் ஏஸ் 250 இன்றும் கைகொடுக்கிறது. 6.5 கிலோஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த அதிர்வெண்ணில் இயங்குவதால் வெள்ளி, செம்புக் காசுகளை நன்றாகவே பிடிக்கும். கிரவுண்ட் பேலன்ஸை (மண்ணின் தாதுக்களால் வரும் சமிக்ஞையை ஒதுக்கும் அமைப்பு) நாமாக மாற்ற வழியில்லை; அதனால் உப்பு ஊறிய ஈரமணலில் பொய்ச் சத்தம் ஓயாது. அங்கே சென்சிடிவிட்டியை (உணர்திறன்) ஓரிரு படி குறையுங்கள்.

டெசோரோ காம்பாட்ரேயில் திரை கிடையாது, காதுதான் எல்லாம். ஆணிகளுக்கு நடுவே கிடக்கும் காசைப் பிரித்துச் சொல்வதில் ஏஸை விடக் கெட்டி.

ஆழத்துக்கு மைன்லேப் எக்ஸ்ப்ளோரர்தான். ஆனால் கனம் அதிகம். காயிலை (தரைமேல் வீசும் அடித்தட்டு) மெதுவாக வீசாவிட்டால் காசைத் தாண்டிவிடும்.

எதை வாங்கினாலும் கருவியை ஆன் செய்து, காயில் ஒயரை முனையில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சத்தம் கரகரத்தால் ஒயர் உள்ளே விட்டுப்போயிருக்கும். காம்பாட்ரேயில் இதை முக்கியமாகப் பாருங்கள்: காயிலைக் கழற்றி மாற்ற முடியாது, டெசோரோ நிறுவனமும் 2018-இல் மூடப்பட்டுவிட்டது.