கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டே முகாமைத்துவக் கலாநிதிப் பட்டம்: ஏழு ஆண்டுகளுக்குப் பின் ஒரு மதிப்பீடு

நான் 2018 ஆம் ஆண்டு தை மாதத்தில் கொழும்பிலுள்ள ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் முகாமைத்துவத் துறைக் கலாநிதிப் பட்டத்துக்குப் பகுதிநேர மாணவியாகப் பதிவு செய்தேன். கோட்டையில் ஒரு வங்கியில் முழுநேர வேலை; வீடு வெள்ளவத்தையில்; மகள் அந்த ஆண்டுதான் தரம் 1 இல் சேர்ந்திருந்தாள். என் வாய்மொழிப் பரீட்சை 2025 சித்திரையில் முடிந்தபோது அவள் தரம் 8 இல் படித்துக்கொண்டிருந்தாள். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் நான் செலுத்திய பணத்துக்கு அந்த நிறுவனம் எதைத் தந்தது, எதைத் தரத் தவறியது என்பதை, இதே பாதையில் இறங்க நினைக்கும் தமிழ் பேசும் உத்தியோகத்தர்களுக்காக எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். வேறு இடங்களிற் படித்த நண்பர்களும் ஏறக்குறைய இதே அனுபவங்களைச் சொல்வதால், ஒரு பெயரை மட்டும் முன்னால் நிறுத்துவது நியாயமாகாது.

முதலில் காலக்கணக்கு. எங்களுக்குத் தரப்பட்ட கையேட்டில் "குறைந்தது மூன்று ஆண்டுகள்" என்று அச்சிட்டிருந்தார்கள். "குறைந்தது" என்ற சொல்லை மறந்து, மூன்று என்ற எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டே எங்கள் குழுவில் எல்லோரும் கையெழுத்திட்டோம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் கலாநிதிப் பட்டம் மிக உயர்ந்த 12 ஆம் மட்டத்தில் இருக்கிறது. முதுதத்துவமாணி அதற்குக் கீழே 11 ஆம் மட்டத்தில் வருகிறது. அச்சட்டகம் ஒரு முழுநேரக் கல்வியாண்டின் உழைப்பை 1500 மணித்தியாலங்களாகக் கணக்கிடுகிறது. மூன்று ஆண்டுகளுக்கு 4500 மணித்தியாலங்கள். மாலை ஆறு மணிக்கு வங்கியை விட்டு வெளியே வந்து, காலி வீதி நெரிசலைக் கடந்து, வீட்டு வேலைகளையும் முடித்துவிட்டு மேசையில் அமரும் ஒருவர், வார இறுதியையும் சேர்த்து வாரத்துக்கு 15 மணித்தியாலங்களை ஒதுக்கினாலே பெரிய காரியம். அப்படிப் பார்த்தால் 300 வாரங்கள் வேண்டும், அதாவது ஆறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. அனுமதிக்கான நேர்முகத்தில் எவராவது இந்தச் சிறு கணக்கை எங்கள் முன் போட்டுக் காட்டியிருந்தால், எங்களிற் சிலர் சேராமலே விட்டிருப்பார்கள். சேர்ந்தவர்களும் வீட்டாரிடம் வேறு விதமாகப் பேசியிருப்பார்கள்.

முதலாம் ஆண்டின் வகுப்புகளைப் பற்றி மனநிறைவோடு எழுத முடியும். சனிக்கிழமைகளில் காலை எட்டரை முதல் மாலை வரை ஆய்வு மெய்யியல், ஆய்வு முறையியல், புள்ளிவிபரப் பகுப்பாய்வு என்று வகுப்புகள் தொடர்ந்து நடந்தன. பதினைந்து ஆண்டுகளாகக் கடன் விண்ணப்பங்களை மதிப்பிட்டுப் பழகிய எனக்கு, "இது உண்மை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்வியை ஒரு பாடமாகவே கற்பிக்கலாம் என்பது புதிதாக இருந்தது. புள்ளிவிபரவியல் விரிவுரையாளர் எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளைத் திறக்க விடாமல் நான்கு வாரங்கள் எங்களைக் கையாலேயே கணக்குச் செய்ய வைத்தார். வினாக்கொத்தின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு இசைகின்றன என்று காட்டும் குரொன்பாக் அல்பா என்ற எண் 0.7 ஐத் தாண்டினால் போதும் என்று மனப்பாடமாக ஒப்புவித்தவர்களுக்கு, ஒரே மாதிரியான கேள்விகளைக் கூட்டிக்கொண்டே போனாலும் அந்த எண் உயரும் என்பதைக் கரும்பலகையில் செய்து காட்டினார். அந்த ஓராண்டுக்கு மட்டும் புள்ளியிடச் சொன்னால் ஐந்துக்கு ஐந்து இடுவேன்.

வகுப்புகள் முடிந்து, மாணவரும் மேற்பார்வையாளரும் மட்டுமே எஞ்சும் காலத்திலேதான் சேவையின் தரம் சரிகிறது. என் ஆய்வு, கொழும்பு 11, செட்டியார் தெருவிலும் அதைச் சூழ்ந்த புறக்கோட்டைத் தெருக்களிலும் நடக்கும் குடும்ப வணிகங்கள் அடுத்த தலைமுறைக்குக் கைமாறும் விதத்தைப் பற்றியது. குடும்பம், உடைமை, வணிகம் மூன்றையும் ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்களாக வரையும் மாதிரியை ஹார்வர்டில் தகியூரியும் டேவிஸும் 1978 இல் உருவாக்கினார்கள். இத்துறையில் எழுதுபவர்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வினாக்கொத்து ஆங்கிலத்தில் தயாரானது. நிறுவனம் கேட்டதெல்லாம் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் முத்திரை இட்ட தமிழ்ப் பிரதி மட்டுமே. ஒருவர் மொழிபெயர்த்ததை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து, இரண்டையும் ஒப்பிடும் முறையை 1970 இலேயே பிரிஸ்லின் விளக்கியிருந்தும், அதற்கான நேரமோ நிதியோ நிறுவனத்தின் அட்டவணையில் இருக்கவில்லை.

அதன் விலையை மூன்றாவது கடையில் கொடுத்தேன். எழுபது வயதைத் தாண்டிய நகைக்கடை முதலாளி ஒருவர், "உங்கள் நிறுவனத்தில் முறைசார் வாரிசுத் திட்டமிடல் நடைமுறையில் உள்ளது" என்ற கூற்றையும், அதற்கு எதிரே ஒன்று முதல் ஐந்து வரையிலான கட்டங்களையும் வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தங்கச்சி, நான் எப்ப கண்ணை மூடுவன் எண்டு கேக்கிறீங்களோ?" என்றார். அவர் குரலில் கோபம் இருக்கவில்லை, வருத்தம் இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டுத் தாள்களைப் பைக்குள் வைத்தேன். பிறகு, இரவில் பெட்டகச் சாவி யாரிடம் இருக்கும் என்று மட்டும் கேட்டேன். அந்த ஒரு கேள்விக்கு அவர் இரண்டு மணித்தியாலங்கள் பதில் சொன்னார். மூத்த மகன் கனடாவில், இளையவர் மெல்பேணில், கல்லாவில் உட்காருபவர் மருமகன், சாவி இன்னும் தம்மிடம். உடைமையும் நிர்வாகமும் நம்பிக்கையும் வேறு வேறு நாட்களில், வேறு வேறு ஆட்களுக்குக் கைமாறுகின்றன என்ற என் ஆய்வேட்டின் மையக் கருத்து அன்று பிற்பகல்தான் எனக்குக் கிடைத்தது.

ஆழமான நேர்காணல்களுக்கு ஆய்வை மாற்ற அனுமதி கேட்டேன். மேற்பார்வையாளர் மறுத்தார், 384 பேரிடம் வினாக்கொத்தை நிரப்பி வாங்கி, ஸ்மார்ட் பி.எல்.எஸ். மென்பொருளில் மாதிரியைப் பரிசோதித்தால்தான் சர்வதேசச் சஞ்சிகைகள் ஏற்கும் என்பது அவர் நிலைப்பாடு. 384 என்ற எண், எத்தனை பேரிடம் கேட்டால் போதும் என்று காட்டுவதற்காகக் கிரெஜ்சியும் மோர்கனும் 1970 இல் வெளியிட்ட அட்டவணையில் மிகப் பெரிய சனத்தொகைகளுக்கு உரியது. என் பட்டியலில் இருந்தவை 200 நிறுவனங்கள். அதே அட்டவணை 200 க்கு 132 என்றே சொல்கிறது. இதை எழுத்தில் விளக்கி, 132 வினாக்கொத்துகளும் 18 நேர்காணல்களும் என்ற உடன்பாட்டுக்கு வருவதற்குப் பதினான்கு மாதங்கள் சென்றன. அவரை மட்டும் குறைகூற மாட்டேன். அப்போது அவர் ஒன்பது மாணவர்களை மேற்பார்வை செய்துகொண்டு, இளமாணி வகுப்புகளையும் எடுத்துவந்தார். மாணவருக்கும் மேற்பார்வையாளருக்கும் முறையியலில் கருத்து வேறுபட்டால் அதைக் கேட்டுத் தீர்க்க மூன்று பேர் கொண்ட ஒரு குழுவைக்கூட நிறுவனம் அமைத்திருக்கவில்லை என்பதே என் முறைப்பாடு. முகாமைத்துவம் கற்பிக்கும் இடத்தில் இந்தக் குறை இருப்பது எனக்கு இன்றும் வேதனை தருகிறது.

பிறகு 2022 வந்தது. பங்குனியில் ரூபாவை மிதக்க விட்டபோது, அதுவரை ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் வைகாசியில் 360 ஐ எட்டியது. என் கட்டணம் ரூபாவில் இருந்ததால் தப்பினேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் வணிக நிர்வாகக் கலாநிதிப் பட்டத்தைக் கொழும்பிலிருந்தே தொடர்ந்த என் சக ஊழியர் ஒருவர் பவுணில் கட்டணம் செலுத்த வேண்டியிருந்ததால், இரண்டாம் ஆண்டோடு நிறுத்திக்கொண்டார். அவ்வாறான கற்கையில் சேர நினைப்பவர்கள் கட்டணம் எந்த நாணயத்தில் என்பதையும், அந்தப் பல்கலைக்கழகம் இங்கே ஏற்கப்படுகிறதா என்பதையும் முகவரிடம் கேட்டு நிற்காமல், வோட் பிளேசிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமே எழுத்தில் கேட்டுத் தெளிவது நல்லது.

அந்தப் பொருளாதார நெருக்கடியை அடுத்து நாடு முழுவதிலுமிருந்து விரிவுரையாளர்கள் வெளிநாடு சென்றார்கள். என் மேற்பார்வையாளரும் அந்த ஆண்டின் இறுதியில் புறப்பட்டார். செய்தியை நிறுவனம் எனக்கு அறிவிக்கவில்லை; அவரே ஒரு மின்னஞ்சலில் வருத்தம் தெரிவித்து எழுதினார். மாற்று மேற்பார்வையாளர் நியமிக்கப்படப் பதினொரு மாதங்கள் எடுத்தன. அந்தப் பதினொரு மாதங்களுக்கும் நீடிப்புக் கட்டணம் அறவிடப்பட்டது. நான்கு தடவைகள் லீவு எடுத்து அலுவலகத்துக்குச் சென்றேன். ஒவ்வொரு தடவையும் கோப்பு வேறொரு மேசையில் இருந்தது. இந்தப் பகுதிக்கு ஐந்துக்கு ஒன்று கொடுப்பதும் எனக்குக் கடினம்.

பிரசுர நிபந்தனையைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன், ஸ்கோப்பஸ் என்ற சர்வதேச ஆய்வுத் தரவுத்தளத்தின் பட்டியலிலுள்ள சஞ்சிகையில் ஒரு கட்டுரையாவது வெளிவர வேண்டும் என்பது எங்கள் விதி. பணம் கட்டினால் இரண்டு வாரங்களில் பிரசுரிப்போம் என்ற அழைப்புகள் மின்னஞ்சலில் வந்து குவிகின்றன. அமெரிக்க நூலகர் ஜெப்ரி பீல் தொகுத்துவந்த ஐயத்துக்குரிய வெளியீட்டாளர்களின் பட்டியல் 2017 தையிலேயே அகற்றப்பட்டுவிட்டது. அதன் பழைய பிரதிகளை நம்பியும் முடிவெடுக்க முடியாது. எங்கள் குழுவில் ஒருவர் தம் சேமிப்பிலிருந்து பணம் கட்டி வெளியிட்ட கட்டுரை, அந்தச் சஞ்சிகை ஸ்கோப்பஸிலிருந்து நீக்கப்பட்டதால் கணக்கில் எடுக்கப்படவில்லை. நூலகத்தில் இதற்கென ஓர் ஆலோசகரை நியமிப்பது எந்த நிறுவனத்துக்கும் பெரிய செலவாகாது.

நான் முடித்ததற்குப் பெருங்காரணம் என் குழுவினர். மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து, சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் மீண்டும் இரவு பஸ்ஸில் திரும்பிய விரிவுரையாளர் ஒருவர் இருந்தார். பதவி உயர்வுக்குக் கலாநிதிப் பட்டம் அவருக்குத் தேவைப்பட்டது. எனக்கோ வங்கி ஒரு ரூபாகூடச் சம்பளத்தைக் கூட்டப்போவதில்லை. இருந்தும் மேற்பார்வையாளர் இல்லாத மாதங்களில் என் அத்தியாயங்களை வரிவரியாக வாசித்துத் திருத்தியவர் அவரே. மின்வெட்டு நாட்களில் மாநகர சபைப் பொது நூலகத்திலும், வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்திலும் பகல் வெளிச்சத்தில் இருந்து எழுதினேன். சேருமுன் அந்த நிறுவனத்தில் ஏற்கெனவே மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் இருக்கும் மாணவர்கள் இருவரையாவது சந்தித்துப் பேசுங்கள். மேற்பார்வையாளராக வரக்கூடியவரின் கட்டுரைகளை வாசியுங்கள். இப்போது அவரிடம் எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள், கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். முதல் தவணைப் பணம் கட்டுமுன் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

வாய்மொழிப் பரீட்சைக்குச் சமர்ப்பித்த நாளிலிருந்து பத்து மாதங்கள் காத்திருந்தேன். பரீட்சையோ மிக நேர்மையாக நடந்தது. இரண்டரை மணித்தியாலங்கள், ஒவ்வொரு அட்டவணையையும் வாசித்துவிட்டு வந்திருந்த பரீட்சகர்கள், பெட்டகச் சாவியைப் பற்றி மட்டும் இருபது நிமிடக் கேள்விகள். ஏழு ஆண்டுகளில் என் ஆய்வை முழுமையாக வாசித்த ஒருவரோடு நிறுவனத்தின் கூரையின் கீழ் அமர்ந்து பேசியது அன்றுதான்.

திருத்தங்களை ஒப்படைத்த அன்றே பதிவாளருக்கு இரண்டு பக்கக் கடிதம் ஒன்றையும் கையளித்தேன். மேற்பார்வையாளர் விலகினால் முப்பது நாட்களுக்குள் மாற்றொருவரை நியமிக்க வேண்டும், அது தாமதமாகும் காலத்துக்கு மாணவரிடம் நீடிப்புக் கட்டணம் அறவிடக்கூடாது என்ற இரண்டு கோரிக்கைகள் அதில் இருக்கின்றன. கடிதம் கிடைத்தது என்ற ஒரு வரிப் பதில் மட்டுமே இதுவரை வந்திருக்கிறது. விடயம் அடுத்த பீடச் சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று அறிய வரும் திங்கட்கிழமை மீண்டும் அரைநாள் லீவு எடுத்திருக்கிறேன்.