விசாரணை ஆணையமா, சிறப்புப் புலனாய்வுக் குழுவா?

மதக் கலவரம் ஓய்ந்ததும் அரசு முதலில் அறிவிப்பது விசாரணை ஆணையம்தான். 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி அது சாட்சிகளை அழைக்கலாம், அறிக்கை தரலாம். யாரையும் தண்டிக்க முடியாது. பாபர் மசூதி இடிப்பை விசாரித்த லிபரான் ஆணையத்துக்குக் கெடு 3 மாதம். அறிக்கை வர ஏறக்குறைய 17 ஆண்டுகள். மும்பைக் கலவரத்தை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தை 1996இல் மாநில அரசே பாதியில் கலைத்தது, அப்புறம் உயிர்ப்பித்தது.

குஜராத் 2002 கலவர வழக்குகளுக்காக உச்ச நீதிமன்றம் 2008இல் அமைத்த புலனாய்வுக் குழு வேறு ரகம்: கைது, குற்றப்பத்திரிகை, பிறகு நீதிமன்றத்தில் தீர்ப்பு. அகமதாபாத்தின் நரோதா பாட்டியா பகுதியில் 97 பேர் கொல்லப்பட்ட வழக்கில் 2012இல் 32 பேருக்குத் தண்டனை. (2018இல் மேல்முறையீட்டில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தப்பினார்கள், அது வேறு.) தண்டனைதான் முக்கியம் என்றால் குழுவே மேல். ஆனால் அது தொட்டது சில வழக்குகளை மட்டும். மும்பையில் போலீஸ் எப்படிப் பாரபட்சமாக நடந்தது என்று தெரிய ஸ்ரீகிருஷ்ணா அறிக்கையைத்தான் புரட்ட வேண்டும்.