கியூசார் டூல்பாக்ஸ்: கணிப்பு இலவசம், சரிபார்ப்பு உங்கள் தலையில்

சோதனைத் தரவு இல்லாத ஒரு வேதிப்பொருளின் நச்சுத்தன்மையை, ஏற்கெனவே சோதித்த ஒத்த பொருள்களை வைத்துக் கணிக்கும் மென்பொருள் இது. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி.யும் ஐரோப்பிய வேதிப்பொருள் முகமையும் சேர்ந்து நடத்துகின்றன; உருவாக்குவது பல்கேரியாவின் புர்காஸ் நகரத்து ஆய்வகம். முதல் பதிப்பு 2008இல் வந்தது. கட்டணம் கிடையாது.

விண்டோஸில் மட்டுமே ஓடும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் கூடவே வேண்டும் என்பதால் பல ஜிபி இடம் பிடிக்கும். நிர்வாகி உரிமை இல்லாத அலுவலகக் கணினியில் நிறுவப் போனால் பெரும்பாலும் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும்.

முதல் சறுக்கல் உள்ளீட்டிலேயே நடக்கிறது. வேதிப்பொருள்களுக்கான அடையாள எண்ணான சிஏஎஸ் எண்ணைத் தட்டிவிட்டு அடுத்த படிக்குப் போய்விடுகிறார்கள். 1330-20-7 என்ற சைலீன் எண், மூன்று ஐசோமர்களின் (அதே அணுக்கள், வேறு அமைப்பு) கலவைக்கு உரியது. தொழில்தரச் சைலீனில் எத்தில்பென்சீனும் கணிசமாக இருக்கும். கணிப்போ திரையில் வரையப்பட்ட ஒற்றை மூலக்கூறுக்குத்தான். பீப்பாயில் இருப்பது அதுதானா என்று பகுப்பாய்வுச் சான்றிதழைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மென்பொருளின் பலம் தோல் ஒவ்வாமைக் கணிப்பு. புரதத்தோடு வினைபுரியும் கூறுகளை அது நன்றாகவே கண்டுபிடிக்கிறது. அக்ரிலேட் என்றால் மைக்கேல் சேர்க்கை, ஆல்டிஹைடு என்றால் ஷிஃப் காரம் என்று, புரதத்தோடு அது எந்த வகை வினையால் பிணைகிறது என்ற வினைவழியையும் சொல்லிவிடும். 2021இல் வந்த ஓ.இ.சி.டி. 497ஆம் வழிகாட்டியே இதன் கணிப்பை ஓர் உள்ளீடாக ஏற்கிறது. ஆனால் இப்படிப் புரதத்தோடு வினைபுரியும் எச்சரிக்கைக் கூறு எதுவும் சிக்கவில்லை என்று வந்தால், 'பாதுகாப்பானது' என்று படித்துவிடக் கூடாது. அந்தப் பட்டியலில் உள்ள எதுவும் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

தரவு இல்லாத இடத்துக்கு மதிப்பைக் கணிக்கும் 'இடைவெளி நிரப்பும்' படியில், எண்ணெயில் கரையும் போக்கின் அளவான லாக் கேஓடபிள்யூ அடிப்படையில் நெருங்கிய ஐந்து பொருள்களை எடுத்துச் சராசரி போடுவது இயல்புநிலை அமைப்பு. அப்படியே விட்டால் கோளாறுதான். ஹெக்ஸேனை எடுத்துக்கொள்ளுங்கள். வடிவத்தில் பென்டேனும் ஹெப்டேனும் அதன் இருபக்கத்து அண்டை வீட்டார். ஆனால் உடலுக்குள் போன ஹெக்ஸேன் 2,5-ஹெக்ஸேன்டையோனாக மாறி, கைகால் நரம்புகளைச் சிதைக்கிறது. நரம்புப் புரதங்களோடு வினைபுரிவதற்கு இந்த டையோனில் உள்ள இரண்டு கார்பனைல்களும் (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புகளும்) அந்தக் குறிப்பிட்ட இடைவெளியில் அமைந்திருக்க வேண்டும். பென்டேனிலிருந்து அந்த டையோன் உருவாக வழியே இல்லை. ஆகவே அண்டை வீட்டார் தரவு இங்கே பொய்யான நிம்மதியைத்தான் தரும். வடிவத்தில் தூரத்து உறவான 2-ஹெக்ஸேனோன்தான் சரியான ஒப்பீடு, ஏனென்றால் அதுவும் அதே டையோனாக மாறுகிறது. உடலுக்குள் பொருள் என்னவாக மாறும் என்று கணிக்கும் வளர்சிதை மாற்றப் பகுதியை முதலில் ஓட்டி, விளைபொருள்களையும் வைத்துத் தேடாமல் ஒத்த பொருள்களை வகை பிரிக்காதீர்கள்.

பொருந்தாத அண்டையை நீக்கும்போது காரணத்தை எழுதி வையுங்கள். வினைவழி வேறு என்றால் நீக்கலாம். மதிப்பு நமக்குச் சாதகமாக இல்லை என்று நீக்குவது மோசடி. இந்த இரண்டாவது ரகம் தாராளமாகவே புழங்குகிறது.

பாலிமர், உலோக உப்பு, என்ன கலந்திருக்கிறது என்றே வரையறுக்க முடியாத பெட்ரோலிய வடிபொருள் ஆகியவற்றுக்கு இதை நம்ப வேண்டாம். இன்னொன்று: கருவி சொல்வது பொருளின் தீங்குத்தன்மையை மட்டுமே. தொழிலாளி எவ்வளவு நேரம், எவ்வளவு செறிவில் சுவாசிக்கிறார் என்பது தெரியாமல் உடல்நல அபாயத்தைக் கணக்கிட முடியாது.

வேகமாக ஒரு பார்வை போதும் என்றால் மிலான் நகரின் மாரியோ நெக்ரி நிறுவனம் உருவாக்கிய வேகா என்ற மென்பொருள் இலகுவானது. ஒவ்வொரு கணிப்போடும், மாதிரியின் எல்லைக்குள் பொருள் அடங்குகிறதா என்பதை 0 முதல் 1 வரையிலான குறியீடாகத் தரும். ஒத்த மூலக்கூறுகளையும் படத்தோடு காட்டும். டூல்பாக்ஸில் இந்த வெளிப்படைத்தன்மை இருந்தாலும் நாலைந்து சாளரங்களைத் திறந்து தேட வேண்டியிருக்கிறது. இரண்டிலும் ஓட்டிப் பார்த்து, முரண்பட்டால் ஆய்வகச் சோதனைக்கு அனுப்புவதே முறை.

அறிக்கையில் மென்பொருளின் பதிப்பு எண்ணையும் தரவுத்தளப் பதிப்பையும் தவறாமல் குறிப்பிடுங்கள். புதிய தரவு சேர்ந்தால் அண்டைப் பட்டியல் மாறும், அதோடு விடையும் மாறும்.