சுங்கை சிப்புட் பெற்றோர் கவனத்துக்கு: அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பம் என்று 6,800 வெள்ளி கொடுத்து ஏமாந்தோம்

எங்கள் அப்பா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் செம்பனைக் குலை வெட்டுகிறார். மாதம் 1,700 வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே கைக்கு வரும். ஆனால் என் தங்கச்சியின் கல்லூரி விண்ணப்பத்தில் அவர் 'தோட்ட மேலாளர்'. அதே விண்ணப்பத்தில் நிதியுதவி வேண்டுமா என்ற கேள்விக்கு 'வேண்டாம்' என்று பதில் போயிருக்கிறது. இரண்டையும் எழுதியது நாங்கள் இல்லை. காசு வாங்கிக்கொண்டு விண்ணப்பித்துத் தருகிறேன் என்று வந்த ஏஜெண்டு எழுதியது. புகார் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் இருப்பதால் ஆளின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் இங்கே போடவில்லை.

போன ஆகஸ்டில் கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் இருக்கின்றன, சின்னக் கல்லூரிகள், பெரும்பாலும் இளங்கலைப் பட்டப்படிப்புதான் சொல்லித் தருவார்கள், முதலில் பல பாடங்களையும் தொட்டுப் பார்த்துவிட்டு இரண்டாம் ஆண்டில்தான் முதன்மைப் பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏழைப் பிள்ளைகளுக்குப் பணம் தருவார்கள் என்றார் அந்த ஆள். இதில் எதுவும் பொய் இல்லை. அதனால்தான் நம்பினோம். படிவம் ஆறு படித்துக்கொண்டிருந்த தங்கச்சி அன்று ராத்திரி தூங்கவே இல்லை.

அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. ரசீது இப்போதும் என் கையில் இருக்கிறது: பதிவு 1,500, பத்துக் கல்லூரிக்கு விண்ணப்பக் கட்டணம் தலா 350, கட்டுரை எழுத 900, ஃபாஃப்சா 900.

அந்தக் கடைசி வரியைப் பாருங்கள். ஃபாஃப்சா என்பது அமெரிக்க அரசாங்கம் தன் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை உள்ளவர்களைப் போன்றோருக்கும் கொடுக்கும் உதவிக்கான பாரம். மலேசியாவில் இருந்து போகும் நம் பிள்ளைகளுக்கு அந்த உதவி கிடையாது. அந்தப் பாரத்துக்குக் கட்டணமும் கிடையாது, 'இலவசம்' என்ற சொல் அதன் பெயரிலேயே முதலில் நிற்கிறது. அதற்குத்தான் எங்களிடம் 900 வெள்ளி வாங்கினார்கள். விண்ணப்பக் கட்டணமும் அதே கதை. காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத் தளத்தில் கணக்குத் திறக்கக் காசு இல்லை. கிரின்னல், ஸ்மித் போன்ற கல்லூரிகள் விண்ணப்பக் கட்டணமே வாங்குவதில்லை. வாங்குகிற இடத்திலும், கட்ட முடியாத பிள்ளைகள் விலக்குக் கேட்க வழி உண்டு.

இந்தக் காசு போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பெரிய நாசம் அந்த 'வேண்டாம்'தான்.

காமன் ஆப்பில் பல கல்லூரிகள் தங்கள் தனிப் பகுதியில் நிதியுதவி கேட்கப் போகிறாயா என்று கேட்கின்றன. கணக்கை ஏஜெண்டு தன் மின்னஞ்சலில் திறந்து கடவுச்சொல்லையும் தானே வைத்துக்கொண்டதால் தங்கச்சி அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. பிறகு கேட்டதற்கு அம்மாவிடம் சொன்னான், "அக்கா, உதவி கேட்டா ரிஜெக்ட் பண்ணிருவாங்க. மொதல்ல சீட்டு வாங்கிக்குவோம், உள்ள போயி கேட்டுக்கலாம்."

இதில் பாதி உண்மை. பெரும்பாலான கல்லூரிகள் வெளிநாட்டுப் பிள்ளையை எடுக்கும்போது எவ்வளவு உதவி கேட்கிறது என்பதையும் பார்க்கத்தான் செய்கின்றன. ஆம்ஹெர்ஸ்ட் போலவும், 2022 முதல் போடன் போலவும், அதைப் பார்க்காமலே எடுத்துவிட்டு முழுத் தேவையையும் தாங்கிக்கொள்ளும் கல்லூரிகள் மிகச் சில. பெரியா கல்லூரியில் யாருக்கும் கல்விக் கட்டணமே இல்லை, பிள்ளைகள் வளாகத்திலேயே வேலை செய்துகொண்டு படிக்க வேண்டும். ஆனால் உள்ளே போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்ற மறுபாதி பச்சைப் பொய். விண்ணப்பிக்கும்போது கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பிறகு தருவதில்லை என்று பல கல்லூரிகள் எழுதியே வைத்திருக்கின்றன. சிலவற்றில் நாலு வருடத்துக்கும் அதே கதவடைப்புதான்.

மார்ச் கடைசியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. வீட்டில் பாயாசம் வைத்தார்கள். அதோடு வந்த கணக்கு வருடத்துக்கு 80,000 டாலருக்குப் பக்கம், நம் காசுக்கு 3 லட்சம் வெள்ளிக்கு மேல். மே 1-க்குள் வருகிறேன் என்று முன்பணம் கட்ட வேண்டும். தங்கச்சி நிதியுதவி அலுவலகத்துக்குத் தானே எழுதினாள். மரியாதையாகப் பதில் வந்தது: நீங்கள் உதவி கோரவில்லை, இனி பரிசீலிக்க இயலாது. தொழிலாளர் தினம் என்று அப்பாவுக்கு அன்று லீவு. திண்ணையில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை என்னை மூன்று தடவை தமிழில் சொல்லச் சொன்னார். "நான் மேனேஜருன்னு யாருப்பா சொன்னது?" என்று மட்டும் கேட்டார்.

ஏஜெண்டிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டோம். சீட்டு வாங்கிக் கொடுத்தாச்சு, வேலை முடிந்தது என்றான். அடுத்த வாரத்தில் இருந்து போனை எடுக்கவில்லை.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுப் போட்டிருக்கிறோம். கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை எடுத்துக்கொள்கிறார்கள், வக்கீல் தேவையில்லை. அடுத்த மாதம் விசாரணை.

தங்கச்சி வேறெங்கும் பட்டப்படிப்பில் சேரவில்லை, அதனால் முதலாண்டு மாணவியாகவே திரும்பவும் விண்ணப்பிக்க முடியும். கோலாலம்பூரில் மேசி என்ற மலேசிய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையம் இருக்கிறது. அங்கே எஜுகேஷன் யூஎஸ்ஏ ஆலோசகர்கள் காசு வாங்காமல் வழி சொல்கிறார்கள். இது எங்களுக்கு ஒரு வருடம் முன்னால் தெரிந்திருந்தால் சங்கிலி அம்மா கழுத்திலேயே இருந்திருக்கும். நிதியுதவிக்குப் பல கல்லூரிகள் கேட்பது சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற பாரம். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்தடுத்ததற்கு 16 டாலர். விலக்கு வேண்டும் என்று கல்லூரிக்கே எழுதிக் கேட்கலாம், தங்கச்சி எழுதியிருக்கிறாள். அப்பாவின் வருடச் சம்பளக் கணக்கான இஏ பாரம், ஈபிஎஃப் சேமநிதிக் கணக்கு, சம்பளச் சிலிப் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறோம். இந்தத் தடவை கணக்கு அவள் பெயரில், அவள் மின்னஞ்சலில். அப்பாவின் வேலை என்ற கட்டத்தில் குலை வெட்டுபவர் என்று அவளே தட்டினாள். கட்டுரையும் அவளுடையதுதான்.

உங்கள் பிள்ளைக்கு யாராவது விண்ணப்பித்துத் தருகிறார்கள் என்றால் இன்றைக்கே கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அதற்கு மேல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். நிதியுதவிக் கேள்விக்கு என்ன பதில் போயிருக்கிறது என்று பிள்ளையை உட்கார வைத்துத் திறந்து பாருங்கள்.

அன்று மண்டபத்தில் எங்களோடு உட்கார்ந்திருந்த மற்ற குடும்பங்களுக்கு: ரசீது, வங்கிச் சிலிப், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள். விசாரணைக்கு முன்னால் என்னைத் தொடர்புகொள்ளுங்கள். உங்கள் மனுவை எழுத நானும் தங்கச்சியும் கூட உட்காருகிறோம்.